அடையாள அட்டையில் இருந்த முகம்

பரிமளத்துக்கு வாய் சும்மா இருக்காது. புருஷன் இராமகிருஷ்ணனின் செருப்பு எட்டாம் நம்பரிலிருந்து பத்துக்குப் போனபோதும் சிரித்தாள். விரலில் இறுகிப்போன கல்யாண மோதிரத்தைக் கண்டியில் ஒரு தட்டார் வெட்டி எடுத்தபோதும் சிரித்தாள். "எல்லாம் என் கைச் சோறு! ஆளப் பாருங்க, நாப்பது வயசுல வளர்றாரு" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். சில நாளாய் அவள் பக்கத்தில் போய் நின்றாலும் அவர் கவனிப்பதில்லை. பெரிய மனுஷனாகிவிட்டார் என்று அதற்கும் ஒரு குத்தல்.

தொண்ணூற்றேழாம் வருஷம். பரிமளத்தின் தங்கை வீட்டுக்கு இருவரும் போகிற வழியில், கடுகண்ணாவையில் பொலிஸார் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். இலங்கையில் யுத்தம் நடந்த கெடுபிடிக் காலம் அல்லவா? அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். இடப்பக்கம் நின்ற பொலிஸ்காரர் சட்டென்று கையை உயர்த்தி வரிசையை நிறுத்தினார். எல்லாரும் நின்றார்கள். இராமகிருஷ்ணன் மட்டும் தன்பாட்டில் நடந்து போனார். அதட்டல் கேட்டது. துப்பாக்கி உயர்ந்தது.

"ஐயோ, நில்லுங்க!"

பரிமளம் போட்ட சத்தத்தில்தான் அவர் நின்றார்.

சார்ஜன்ட் அட்டையை வாங்கிப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த படம். அதில் ஒடுங்கிய முகம், சின்னத் தாடை. எதிரே நின்றவருக்கோ தடித்த மூக்கு, புடைத்த நெற்றி, முன்னால் தள்ளிய தாடை. நிற்கச் சொன்னால் நிற்கவில்லை, முகமும் வேறு. யாருடைய அட்டை இது? படத்தை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "இது உன் புருஷன்தானா?" என்று பரிமளத்திடம் சிங்களத்தில் கேட்டார்.

அவள் பார்த்தாள். அம்மாடி! தினமும் சோறு போட்ட முகம்தான். ஆனால் படத்தையும் முகத்தையும் சேர்த்து வைத்து ஒரு நாளும் அவள் பார்த்ததில்லை. இதில் யார் அவள் புருஷன்? ஓயாத வாய் ஒட்டிக்கொண்டது.

"ஆமா... எங்க வீட்டுக்காரருதான்."

அவள் தயங்கியதை சார்ஜன்ட் கவனித்தார். இராமகிருஷ்ணனும் கவனித்தார்.

தடுத்து வைப்பதற்கு முன் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர் பத்மாதேவி. அட்டையைப் பார்த்தவர் இராமகிருஷ்ணனின் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"சப்பாத்து நம்பர் கூடினதோ? மோதிரம் இறுகினதோ?"

பரிமளம் திடுக்கிட்டுப்போனாள். இது இவருக்கு எப்படித் தெரியும்?

"என்ரை மூக்கை மட்டும் பாருங்கோ. விரல் தெரிஞ்ச உடனை சொல்லுங்கோ" என்று டாக்டர் அவருடைய காதுப் பக்கமிருந்து விரலை மெல்ல முன்னே கொண்டுவந்தார். விரல் கண்ணின் ஓரம்வரை வந்துவிட்டது. அவர் வாயே திறக்கவில்லை. உட்கார்ந்திருந்த மர வாங்கிலிருந்து எழுந்த சார்ஜன்ட் மறுபக்கமிருந்து தானும் விரலை நீட்டிப் பார்த்தார். அதுவும் தெரியவில்லை. சார்ஜன்ட்டின் முகம் விழுந்துவிட்டது. காட்டிய கை தெரியாத மனுஷனைச் சுட்டிருப்பார்களே!

"மூளைக்குக் கீழை கடலை அளவிலை ஒரு சுரப்பி இருக்கு" என்றார் டாக்டர். "கழுத்துச் சுரப்பி, சிறுநீரகத்துக்கு மேலை இருக்கிற சுரப்பி எல்லாத்துக்கும் அதுதான் கட்டளை குடுக்கிறது. வளரச் சொல்லுற ஓமோன் எண்ட சுரப்பு நீரும் அதிலையிருந்துதான் இரத்தத்துக்கு வருது. இவருக்கு அதிலை ஒரு கட்டி. வளருற வயசு முடிஞ்சும் அந்த ஓமோனை நிப்பாட்டாமல் சுரக்குது. இனி உயர ஏலாது, அதாலை கை, கால், தாடை தடிக்குது. கட்டி மேலை இருக்கிற கண் நரம்பையும் நெரிக்குது. நேரை பார்த்தால் தெரியும், ரெண்டு பக்கமும் தெரியாது."

"கண்ணு போயிருமா டாக்டரம்மா?"

"கெதியா ஒப்பரேசன் செய்தால் காப்பாத்தலாம். முந்தியே வந்திருந்தால் இவ்வளவுக்குப் போயிராது. பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தாறன்."

அட்டையும் ஆளும் ஒன்றுதான் என்று சிங்களத்திலும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சார்ஜன்ட் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, தன் ஜீப்பிலேயே பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் பரிமளம் பொலபொலவென்று அழுதாள். "அந்த நேரம் வாய் வரலீங்க... உங்களப் போயி..."

"விடு புள்ள. சவரம் பண்றப்போ கண்ணாடியப் பாத்து, இது யாருன்னு மூணு வருஷமா நானும்தான் யோசிக்கிறேன். பயமாத்தான் இருந்திச்சு. நீதான் சிரிச்சியே, அப்போ ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

பரிமளம் பக்கத்திலிருந்து எழுந்து, அவருக்குத் தெரிகிற மாதிரி நேர் எதிரே வந்து நின்றாள்.