ஒன்றரைச் சுற்று

சலூன்காரருக்குக் கார் எஞ்சினைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை என்றால் அது அபாண்டம். முடிவெட்டிக்கொள்ள வந்த அத்தனை பேரும் சொல்லித்தந்தார்கள். கார்புரேட்டர் ஸ்க்ரூவை நன்றாக வெளியே திருப்பினால் வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்றார் டாக்ஸிக்காரர். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைக் கூட்டச் சொன்னார் தபால்காரர். சொந்தமாக சைக்கிள்கூட இல்லாத கறிக்கடைக்காரர், டைமிங்கை மாற்றினால்தான் எஞ்சினுக்கு உயிர் வரும் என்று முகம் முழுக்க நுரையோடு தீர்ப்பு வழங்கினார். நம்மவர் யார் மனதையும் நோகடிக்காதவர். ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் ஒரே மூச்சில் செய்து முடித்தார்.

கார் இருமியது, குலுங்கியது, பிறகு கறுப்பாகப் புகை கக்கியது. எதிர்வீட்டுக்காரி காயப்போட்ட துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"முன்னைக்கு இப்போ சத்தம் கம்பீரமா இருக்குல்ல?" என்றார் மனைவியிடம்.

"கம்பீரமாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்போ எல்லாரும் அப்படித்தான் சத்தம் போடுவாங்க," என்றாள் அவள்.

கிண்டல் செய்தாளே தவிர, அவளுக்கு அது விளையாட்டு இல்லை. பதினோரு வருடமாக மருந்துக்கடையில் அடுத்தவருக்குக் கீழே நின்றே வேலை பார்த்தவள் அவள். இப்போதுதான், ஊருக்கு வெளியே திறக்கும் கிளைக்கடையின் பொறுப்பு அவளுக்கு வந்திருந்தது. எட்டு நாள் கழித்து வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே கடை திறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது; அவ்வளவு தூரத்துக்கு அவருடைய ஸ்கூட்டரும் தாங்காது. காரோ கிழடு. சனிக்கிழமை புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் ரோட்டில் இறக்க முடியாது. கார் இல்லையென்றால் பொறுப்பு முதலாளியின் மச்சினனுக்குப் போய்விடும். அந்த மகானுக்குக் காய்ச்சல் மாத்திரைக்கும் பேதி மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாது.

எனவே மறுநாள் திங்கட்கிழமை அவளே நூலகத்தில் ஒரு பாலபாடப் புத்தகம் எடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம்போல் அவர் ஸ்கூட்டரில் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விட்டபோது, பின்சீட்டில் இருந்தபடியே பாடம் நடத்தினாள்.

"எஞ்சினுக்கு மூணே மூணுதாங்க வேணும். காத்து, பெட்ரோல், சரியான நேரத்துல ஒரு பொறி. காத்து குறைஞ்சு பெட்ரோல் கூடினா கறுப்புப் புகை. அவ்ளோதான்."

"இதைத்தானே நானும் சொன்னேன்."

"நீங்க சொல்லல. மூணையும் ஒரே நேரத்துல மாத்துனீங்க. ஒரு நோயாளிக்கு மூணு மருந்தை ஒண்ணா குடுத்துட்டு, எது கேட்டுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவள் வேலை செய்த விதம் மருந்துக்கடை விதம். ஒரு மாற்றம், ஒரு சோதனை, நோட்டில் ஒரு வரி. முதலில் காற்று வடிகட்டியைப் பிரித்துத் தட்டினாள். அரை டப்பா தூசி. அடுத்து பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்து, இடைவெளியைப் புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்குக் கொண்டுவந்தாள். அதன்பிறகு டைமிங், அதாவது பொறி விழும் நேரம். ஒவ்வொன்றுக்கும் பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் சரியாகாமல் அதில் கைவைக்கக் கூடாது என்று புத்தகம் மூன்று இடத்தில் மிரட்டியிருந்தது. புதன்கிழமை மாலை எஞ்சின் நன்றாகச் சூடானதும் கார்புரேட்டரின் கலவை ஸ்க்ரூவை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்த இடத்தில் குலுக்கல் நின்று, எஞ்சின் சீராக ஓடியது. புகையும் இல்லை. ‘ஒன்றரை’ என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

வியாழக்கிழமை மாலை ஸ்டார்ட் செய்தால் மறுபடி கறுப்புப் புகை. ஸ்க்ரூவை எண்ணிக்கொண்டே மூடினாள். மூன்று சுற்று வந்தது. ஒருவேளை தான்தான் எண்ணத் தவறிவிட்டோமோ என்று தன்னையே நொந்துகொண்டு, மீண்டும் ஒன்றரைக்குக் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை மாலை பார்த்தால் மறுபடியும் மூன்று. ஸ்க்ரூவுக்குக் கீழே ஸ்பிரிங் இருக்கிறது, அது தானாகத் திரும்பாது. டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள். ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி வெள்ளைவெளேரென்று முகப்பவுடர், அதில் ஒரு கட்டைவிரல் ரேகை. மதியச் சாப்பாட்டுக்கு சலூனிலிருந்து வீட்டுக்கு வருகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான்.

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கோபத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது. அன்றிரவு அவர் கடையை மூடிவிட்டு வரும்வரை தூங்காமல் காத்திருந்தாள்.

"நாளைக்குப் பரிசோதனைன்னு தெரியும்தானே? என் பதினோரு வருஷத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால முடிச்சுடலாம்னு பாத்தீங்களா?"

அவர் கட்டைவிரல் பவுடரை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நான் கடையை மூடிட்டு வர்றப்போ நீ தூங்கிடுற. காலைல ஸ்கூட்டர்ல அந்த இருபது நிமிஷம்தான் நாம பேசிக்கிறதே. அந்தக் கிளைக்கு நீ கார்ல தனியா போயிடுவ. அப்புறம் நீயும் நானும் எப்போ பேசுறது?"

"அதை வாயால கேக்க மாட்டீங்களா? ஊர்ல இருக்கவன் தலையெல்லாம் பிடிச்சுக்கிட்டு நாள் முழுக்கப் பேசுறீங்க!"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஸ்க்ரூவை ஒன்றரைக்குத் திருப்பினாள். அன்றைக்கு கார்ச் சாவி அவள் தலையணைக்கு அடியில் தூங்கியது.

சனிக்கிழமை காலை பரிசோதனைக்காரர் புகைக்குழாயில் கருவியின் நுனியைச் செருகி, எண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இந்த வயதுக் காருக்கு இப்படியொரு எண்ணை அவர் பார்த்து வெகுநாளாகிவிட்டதாம்.

"தேறிடுச்சு. யாரு சார் டியூன் பண்ணது?" என்று ஆம்பளை முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

வேறு நாளாக இருந்தால் நம்மவர் நெஞ்சை நிமிர்த்தியிருப்பார். இன்று தலையைச் சொறிந்தார்.

"இவங்கதான் சார். நான் மூணு தடவை கெடுத்தேன், இவங்க மூணு தடவையும் சரி பண்ணாங்க."

சீட்டை வாங்கிக்கொண்டு அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் ஏறினார். சிக்னலில் நிறுத்தியபோது ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"திங்கட்கிழமை ஆறு மணிக்கே ரெடியாயிடுங்க. ஒரு மணி நேர ஓட்டம். தினமும் என்கூட வர்றீங்க."

"நானா? நான் பத்து மணிக்குக் கடை திறக்கணுமே. திரும்பி எப்படி வர்றது?"

"எட்டு மணிக்கு அங்கிருந்து இங்க வர பஸ் இருக்கு. பொறுப்பு குடுத்த அன்னிக்கே விசாரிச்சு வச்சுட்டேன்."