ரூனே சாப்பிட்ட முட்டைக்கோஸ்

ஸ்டென்பாக்கன் குடியிருப்பின் மூன்று கட்டடத்துக்காரர்களும் அந்த வருடம் ஜனவரி பிறந்ததிலிருந்து மார்ச் கடைசி வரை ஒரே ஒரு முட்டைக்கோஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய முட்டைக்கோஸ் என்றும் சொல்ல முடியாது. கைக்குழந்தையின் தலை அளவு இருந்தது, வெளி இலையில் நத்தை கடித்த ஓட்டை வேறு. கோத்தன்பர்க் நகரத்தின் மற்றப் பேட்டைகளில் இதை நம்பாதவர்கள் உண்டு. அவர்கள் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், அவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

எங்களுக்கும் ஒரு கடை இருந்தது. குன்றின் அடிவாரத்தில் இருந்த அதைக் கட்டுப்படியாகவில்லை என்று மூடிவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு வெங்காயம் வேண்டுமென்றாலும் டிராம் ஏறி, இறங்கி, பஸ் மாறிப் போகவேண்டியதாயிற்று. பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசில் பாதியைக் கழித்து ஓய்வுபெற்ற குன்வோர் அம்மாள்தான், கார் நிறுத்துமிடத்தின் தாரைப் பெயர்த்துவிட்டுத் தோட்டம் போடலாமென்று முதலில் சொன்னார். எங்கள் ஊரில் மூன்று பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனால் உடனே சங்கம் வைத்துவிடுவார்கள். சங்கம் வந்தால் விதிமுறை, தலைவர், மேசையில் தட்ட மரச்சுத்தியல் எல்லாம் வந்துவிடும். டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஸ்வாந்தே சுத்தியலை ஏற்றுக்கொண்டார். உருளைக்கிழங்கும் கேரட்டும் கோஸும் நட்டோம், சைக்கிள் கொட்டகையில் கோழி வளர்த்தோம். நிலவறையில் இருந்த இரண்டு சலவை அறைகளில் ஒன்றைக் காலிசெய்து அலமாரி அடித்து, விளைந்ததையெல்லாம் அங்கே வைத்தோம். பூட்டு கிடையாது, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் நன்றாகப் போனதால் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறி, ஒரு மே மாதத்து ஆண்டுக் கூட்டத்தில், அடுத்த மே வரை எங்கள் முற்றத்தில் விளைந்ததைத் தவிர வேறெதையும் சாப்பிடுவதில்லை என்று தீர்மானம் போட்டோம். பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டுக்கும், வீட்டில் ஏற்கெனவே வாங்கிவைத்திருந்த சரக்குக்கும் விலக்கு. காப்பிக்கு ஏகமனதாக விலக்கு.

தரைத்தளத்து ரூனே எதிர்த்து ஓட்டுப்போடுவதற்காகவே உறுப்பினரானவர். அவருடைய பழைய கார் நின்ற இடத்தில் கோஸ் வளர்வதை அவரால் சகிக்க முடியவில்லை. தோற்றுப்போனார். ஆனால் கப்பல் கட்டும் தளத்தில் பற்றவைக்கும் வேலை பார்த்து, தொழிற்சங்கத்தில் ஊறியவர் அவர். கூட்டம் முடிவெடுத்தபின் அதை மீறுவது என்பது அவருக்குத் தெரியாத வித்தை. அதனால் கடைக்கும் போகவில்லை, வீம்பினால் எங்கள் அலமாரிப் பக்கமும் வரவில்லை. மனைவி இங்கெர்ட் போன பிறகு அடுப்பையும் அவர் மூட்டியதில்லை. தீர்மானத்துக்கு முன்பே வாங்கி அடுக்கிவைத்திருந்த வறட்டு ரொட்டியும் கருப்புக் காப்பியும்தான் ஆகாரம். குன்வோர் சூப் கொண்டுபோனால் கதவை ஒரு சாண் திறந்து, "இப்பதான் சாப்ட்டேன்" என்பார். அவருடைய இடுப்புப் பட்டையில் புதுசு புதுசாக ஓட்டை விழுந்துகொண்டிருந்தது. குன்வோருக்கு அவரைப் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை, மூன்று கட்டடத்துக்கும் தெரியும். இந்தக் குளிர்காலத்தை ரூனே தாண்டமாட்டார் என்ற பயம் அவரைத் தூங்கவிடவில்லை.

அந்தக் கோடையில் மழை விடவே இல்லை. கொலைகார நத்தை என்று நாங்கள் திட்டும் பழுப்பு நத்தைகள் படையெடுத்து வந்து பாத்தியெல்லாம் மேய்ந்துவிட்டன. கிறிஸ்துமஸோடு கிழங்கு தீர்ந்தது, கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின, அலமாரியில் அந்த ஒரு கோஸ் மட்டும் மிஞ்சியது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தட்டில் கிடக்கும் கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள். பாதியை வெட்டிக்கொண்டு மீதியை விட்டுவைப்பார்கள், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. குன்வோர் கோஸில் பாதியை வெட்டிக்கொண்டு போனார். பாஸ்னியாவிலிருந்து வந்து, எங்கள் பழக்கத்தை எங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் எமீரா, மிச்சத்தில் பாதியை எடுத்துக்கொண்டாள். பிறகு ஸ்வாந்தே. மறுநாளும் எல்லோரும் வந்தார்கள். ஒரு வாரத்தில் அது ஒரு இலையாயிற்று, பிப்ரவரியில் ஒரு நூலிழை. எவ்வளவு சின்னதை வெட்டினாலும் வீட்டுக்குப் போய்க் கொதிக்கவிட்டால் சட்டி நிறைந்தது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் எவ்வளவு எடுத்தார் என்று பார்ப்பது நாகரிகமில்லை.

மார்ச்சில் ரூனேயின் ரொட்டி தீர்ந்தது. குன்வோர் நிலவறை ஜன்னலோரம் தக்காளி விதை ஊன்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ரூனே படியிறங்கி வந்து அலமாரி முன்னால் நின்றார். அதற்குள் அந்த இழை, எமீரா புருவம் திருத்தும் கத்தரியால் மட்டுமே வெட்டமுடிகிற அளவுக்கு வந்திருந்தது. ரூனே கத்தரியை எடுத்தார், பாதி எங்கே என்று கண்ணுக்குத் தட்டுப்படவில்லை, கீழே வைத்துவிட்டார்.

"முழுசா எடுத்துக்கோ ரூனே" என்றார் குன்வோர்.

"கடைசியையா? நானா? இங்கெர்ட் சாவுக்கு வாங்கின கேக்குலயே கடைசித் துண்டை நான் தொடல."

"உனக்குப் பசிக்குது."

"இப்பதான் சாப்ட்டேன்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். குன்வோர் மண் ஒட்டிய கையோடு அழுதார், பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஸ்வாந்தேயிடம் போனார்.

அன்று சாயங்காலமே மாடிப்படியில் அவசரக் கூட்டம். ஆண்டுக் கூட்டத்தின் தீர்மானத்தை ஆண்டுக் கூட்டம்தான் மாற்றலாம். அந்த விதியைக் கொண்டுவந்தவரே ரூனேதான், அதனால் மே வரை அதில் கைவைக்க முடியாது. ஆனால் அலமாரிச் சரக்கு யாருக்கு என்று முடிவுசெய்யத் தடையில்லை. மீதமுள்ள கோஸ் முழுவதையும் உறுப்பினர் ரூனே சாப்பிடவேண்டும் என்று குன்வோர் முன்மொழிந்தார். வெளியே முற்றம் இன்னும் பனிக்கட்டியாகக் கிடந்தது.

"முழுசையும் குடுத்துட்டா நாளைக்கு நமக்கு என்ன இருக்கும்?" என்று கேட்டாள் எமீரா.

"ஒண்ணும் இருக்காது" என்றார் குன்வோர்.

எமீரா தன் காலணியைப் பார்த்தாள், படியில் சுருண்டு உட்கார்ந்திருந்த ரூனேயைப் பார்த்தாள், கையைத் தூக்கினாள். பிறகு எல்லாக் கைகளும் எழுந்தன.

"எதிர்ப்பு ஒண்ணுன்னு எழுதிக்கோ" என்றார் ரூனே.

"எழுதியாச்சு. தோத்துட்ட" என்று ஸ்வாந்தே சுத்தியலால் கைப்பிடிச் சுவரில் தட்டினார்.

குன்வோர் அந்த இழையைச் சூப் வைத்து, நிலவறையில் விதைத்தட்டுகளை ஒதுக்கி, ரூனேக்குப் பரிமாறினார். கூட்டத்தின் முடிவாயிற்றே, அவர் சாப்பிட்டார். முதல் வாய் உள்ளே போனதும், "உப்பு கம்மி" என்றார். அவர் கண்ணிலிருந்து கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "இரு, அழுற அழுகைல சரியாயிடும்" என்றார் குன்வோர். இரண்டாவது தட்டின் அடியில் ரூனே பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி மிச்சம் வைத்தார். தீர்மானத்தில் முழுவதும் என்று இருப்பதை ஸ்வாந்தே நினைவுபடுத்தியதும் அதையும் வழித்துக் குடித்தார். அலமாரி காலியாயிற்று.

அந்த நேரத்தில் இரண்டாம் மாடியில் எமீரா பாவாடைக் கொக்கியைத் தளர்த்திவிட்டுக்கொண்டாள். ஸ்வாந்தேக்கு ஏப்பம் வந்தது. மூன்று கட்டடத்திலும் எல்லோருக்கும் வயிறு திம்மென்று நிறைந்திருந்தது. மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாங்கள் வேலைக்குப் போனோம், வந்தோம், பாத்திகளைக் கொத்தினோம். ரூனேயும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, நாங்கள் கொத்துவது சரியில்லை என்று சொல்லிக்கொண்டே கொத்தினார். பனி உருகி ஓடியது. வேலியோரம், நாங்கள் வசந்தத்தில் சூப் வைக்கும் காஞ்சொறி துளிர்விட்டது.

ஏப்ரலில் ஒரு காலை ரூனே முகம் மழித்து, மாடியேறிப் போய், குன்வோர் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு முழுசாகத் திறந்தது. தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார்.

"குன்வோர், எனக்குப் பசிக்குது."

குன்வோர் உலையில் தண்ணீர் வைத்துவிட்டு, காஞ்சொறி பறிக்கக் கையுறையை எடுத்துக்கொண்டு அவரோடு கீழே இறங்கினார். அதன் பிறகுதான் எங்களுக்கும் ஒவ்வொருவராகப் பசிக்க ஆரம்பித்தது.