மலாகாவில் ஒரு கிழமை

முன்கதவுப் பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டதும், மாடிப்படியின் நடுவில் செல்வரத்தினம் அப்படியே நின்றார். சொந்த வீட்டில் ஒளிந்து நிற்க அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோரிடமும் சொன்ன கதைப்படி அவரும் மனைவி அஜந்தாவும் அப்போது லண்டன் நோர்பரியில் இல்லை. ஸ்பெயினில், மலாகா கடற்கரையில் காலாற நடந்துகொண்டிருக்கிறார்கள்.

மலாகா அவருடைய ஆசை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் தொட்டு, வெயிலும் கடலும் உள்ள, முழங்கால் நோகாத ஒரு நகரத்தைப் பற்றியே பேசினார். வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டால் சனத்தின் தொல்லை இல்லை. கலியாணவீடு, செத்தவீடு என்று கிழமைக்கொரு ஓட்டம் இல்லை. அஜந்தாவுக்கு விருப்பமில்லை. மறுத்தால் அவருடைய பிடிவாதம் கூடும் என்பதால் ஒரு யோசனை சொன்னாள்: முதலில் இங்கேயே ஒரு கிழமை, ஏழே நாள், அங்கே இருக்கிற மாதிரி இருந்து பார்ப்போம். லூயிஷாம் கோயில் இல்லை, டூட்டிங் கடை இல்லை, சொந்தக்காரர் இல்லை, வட்ஸ்அப் இல்லை. மலாகாவைப் பார்த்துவரப் போவதாக எல்லோருக்கும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு நாளில் மனுசன் வழிக்கு வந்துவிடுவார் என்பது அவள் கணக்கு.

மனுசன் முதல் நாள் பின்னேரமே திரைச்சீலை இடுக்கில் கண்ணை வைத்துவிட்டார். சிநேகிதன் கணேஸ்வரனுக்கு ஒப்பரேசன் முடிந்ததோ என்று சுவரைப் பார்த்துக் கவலைப்பட்டார். யாராவது செத்திருந்தால் நமக்கு எப்படித் தெரியவரும் என்ற யோசனையில் பாணைச் சூப்பில் தோய்த்தபடியே இருந்தார்.

அஜந்தாவின் கணக்கு பிழைத்தது வேறொரு இடத்தில். அவளுக்கு மலாகா பிடித்துப்போய்விட்டது. சும்மா எட்டிப் பார்க்க என்று வந்து, இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு போகிற ஒருவரும் இல்லை. கலியாணம் முடித்த நாள் முதல் மத்தியானத்தில் கண்ணயர்ந்து அறியாதவள் குறட்டை விட்டுத் தூங்கினாள். வியாழக்கிழமை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்தோட்டத்தில் கதிரையில் சாய்ந்திருந்தாள். மழை தூறியது, எழும்பவில்லை.

இப்போது சாவியோடு வந்திருப்பது செல்வரத்தினத்தின் தங்கை பவளக்கொடி. பொய் பொருந்தி வரவேண்டும் என்று, கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விடச் சொல்லி அவரே கொடுத்த சாவி. அவள் தன் மகளோடு போனில் கதைத்தபடி தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனாள்.

"ஓம் பிள்ளை, மாமா வீட்டைதான் நிக்கிறன். வித்துப்போட்டுப் போகட்டும். அங்க போய் ஆரோட சண்டை பிடிக்கப் போறார் எண்டு பாப்பம்." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு மட்டும் ஆர் இருக்கினம், சண்டை பிடிக்க?"

செல்வரத்தினத்தின் கால் தானாகவே ஒரு படி இறங்கியது. பின்னாலிருந்து அஜந்தா அவர் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் மலாகாவில நிக்கிறியள்," என்று காதுக்குள் சொன்னாள்.

"அவள் அழுறாளப்பா."

"அழட்டும். இப்ப கீழ போனா, பிறகு நீங்கள் ஒரு நாளும் மலாகாவுக்கு வெளிக்கிடமாட்டியள். எனக்குத் தெரியும்."

திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் கேலி இல்லை.

"உனக்குத்தானே விருப்பமில்லாமல் இருந்தது?"

"அது போன கிழமை."

கீழே பவளக்கொடியின் பேச்சு சட்டென்று நின்றது. "என்னடியப்பா, தேத்தண்ணிக் கேத்தில் சுடுகுது," என்றாள். "பிள்ளை, நான் பிறகு எடுக்கிறன்."

அவள் கூப்பிடவில்லை, மேலே ஏறி வரவும் இல்லை. தண்ணீர் கொதித்தது. அலுமாரி திறந்தது. மேசையில் ஒரு கோப்பை வைக்கிற சத்தம், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று.

செல்வரத்தினத்தின் ஒரு கால் அடுத்த படிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அஜந்தாவின் விரல்கள் சட்டையை விடவில்லை. கீழே சீனி போட்டு ஒரு கோப்பையைக் கரண்டி கலக்கியது, பிறகு அடுத்ததை. மூன்றாவதை, சீனி ஆகாத அண்ணையின் கோப்பையை, கலக்காமல் மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.