ஐந்து ஓமுக்குக் கீழே

மாப்பிள்ளை வீட்டுக்கு வர வேண்டுமானால் பூமி மனசு வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு அப்படித்தான் பட்டது. மாப்பிள்ளை, அதாவது அவருடைய தங்கையின் கணவர், ஆறு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நுரையீரல் பழுது. இனிமேல் ஆக்ஸிஜன் மெஷின் ராப்பகலாக ஓடியாக வேண்டும். இந்தத் தெருவிலோ கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். வீட்டில் ஜெனரேட்டர் வைத்து, கசியும் கரண்ட் மண்ணுக்குள் இறங்க ஒழுங்காக எர்த் போட்டு, அதன் மின்தடை ஐந்து ஓமுக்குக் கீழே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அனுப்புவோம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஜெனரேட்டர் வந்து வாசல் பக்கம் உட்கார்ந்துவிட்டது. எர்த்துதான் மக்கர் பண்ணியது. தரை பூராவும் சரளைக்கல், மருந்துக்குக்கூட ஈரம் இல்லை. முதல் செம்புக் கம்பியை ஆள் உயரத்துக்கும் மேலே அடித்து இறக்கினார். மீட்டர் நாற்பத்திரண்டு காட்டியது. இன்னும் இரண்டு கம்பிகளை அடித்து மூன்றையும் இணைத்தார். பதினாறுக்கு வந்து அங்கேயே சண்டித்தனம் செய்தது.

"என்ன செஞ்சாத்தாண்ணே இது இறங்கும்?" என்று தங்கை கேட்டாள்.

"ஈரம் வேணும்மா. உப்புத் தண்ணிய ஊத்தினா சட்டுனு இறங்கும்" என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவைத்தார். அப்படிச் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வியர்வையைத் துடைத்ததில் அது விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை வந்து மீட்டரை மாட்டினார். நாலு புள்ளி ஆறு. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பேனாவை எடுத்தார், படிவத்தை விரித்தார், நகர்ந்து நின்றார். செருப்போடு சேறும் சேர்ந்து வந்தது. கதவோரம் நான்கு உப்புப் பாக்கெட்டுகள் காலியாகக் கிடந்தன. பக்கத்தில் வாளியோடு தங்கை நின்றாள். விடிந்ததிலிருந்து சுமந்திருக்கிறாள் போல, புடவையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது.

"கையெழுத்துப் போடுண்ணே. தினமும் நான் ஊத்தறேன். ஒரு நாள்கூட விடமாட்டேன்."

செய்வாள். அதில்தான் அவருக்குப் பாதி உயிர் போயிற்று. "ரெண்டு வெயில் அடிச்சா காஞ்சிடும்மா. உப்பு கம்பியையும் அரிச்சிடும்."

"அவர் அங்க தனியாக் கெடக்கறார். உனக்கு ஒரு நம்பர்தான் பெரிசா?"

அண்ணன் படிவத்தை மடித்தார். பேனா மூடியைத் திருகி மூடினார். இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும் என்ற செய்தியைத் தானே சொல்லிவிடுவது நல்லது என்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். கையெல்லாம் மண் என்பதால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு ஜெனரேட்டர் மேலேயே போனை வைத்தார். உள்ளதை உள்ளபடி சொன்னார்.

மறுமுனையில் மூச்சு இழுபடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"மச்சான்... ரெண்டு நாள் என்ன, ரெண்டு வாரம் ஆகட்டும். மெஷின்தான் எனக்கு. ஜெனரேட்டர ஸ்டார்ட் பண்ணப்போறது உங்க தங்கச்சி." மறுபடி மூச்சு. "ஈரக் கையோடதான் சுவிட்சத் தொடுவா. இருபது வருஷமா சொல்லிப் பாத்துட்டேன். ஜெனரேட்டரோட இரும்புப் பாடியில கரண்ட் கசிஞ்சா அது மண்ணுக்குத்தான் போகணும் மச்சான், அவ மேல போகக்கூடாது. அவ இல்லாம எனக்கு மூச்சு எதுக்கு?"

தங்கை வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையில் இரண்டு கைகளையும் துடைத்தாள். விரல் இடுக்கெல்லாம் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள்.

உப்பு பட்ட மூன்று கம்பிகளையும் அவர் கழற்றிவிட்டார். வீட்டின் பின்பக்கம் கல் குறைவு. அங்கே ஒரு கம்பியை இறக்கி, அதன் தலையில் இன்னொன்றை முடுக்கி, இரட்டை ஆழத்துக்கு அடித்தார். பாதிக்கு மேல் சம்மட்டிச் சத்தமே மாறிற்று. கம்பி களிமண்ணுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் தள்ளி நின்று அதே மாதிரி இன்னொன்று. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில், வறண்ட தரையில், மீட்டரை மாட்டினார். மூன்று புள்ளி ஒன்பது. மீட்டரோடு இணைத்து மண்ணில் குத்தும் சோதனை முளைகளை இடம் மாற்றி நட்டு மறுபடி பார்த்தார். அதே மூன்று புள்ளி ஒன்பது.

"சரியாயிடுச்சும்மா. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு. நாளைக்கே கூட்டிட்டு வந்துடலாம்."

தங்கை போனை எடுத்தாள். எண்ணை அழுத்தப் போனவள் நின்றாள்.

"இன்னொரு தடவை பாரேண்ணே" என்றாள். "அவர் கேட்டா, மூணு தடவை பாத்தோம்னு சொல்லணும்."

அண்ணன் குனிந்து முளைகளைப் பிடுங்கி, வேறு இடத்தில் நட்டார்.