ஆற்றைத் தாண்டிக் கேட்ட தவுல்

தோலை இறுக்கியவன் நான்தான். பட்டாளத்துக்காரன் அடிக்கச் சொன்னான், துப்பாக்கி வைத்திருந்தான், எல்லாம் சரி. ஆனால் அவன் கேட்டது ஏதோ ஒரு சத்தம். அவ்வளவு நல்ல சத்தம் வேண்டுமென்று எவனும் கேட்கவில்லை.

ஹீன்பிட்டியவில் சாவுக்கும் ஊர் அறிவிப்புக்கும் தவுல் அடிப்பவன் நான், தேமிஸ். அந்த வருஷம் எனக்கு வேலையே இல்லை. அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த பையன்கள் அரசமரத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சாவு வீட்டில் மேளம் கூடாது, வெள்ளைக்கொடி கூடாது, பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கக் கூடாது. மீறினால் சுட்டுவிடுவார்கள். பதினொரு மாதம் மனிதர்களைத் திருட்டு மூட்டை மாதிரிக் கொண்டுபோய்ப் புதைத்தோம். என் தவுல் அடுப்புக்கு மேலே பரணில் கிடந்தது.

அந்த நோட்டீஸை ஒட்டியவன் வேறு யாருமில்லை, என் தங்கை எமலினின் மகன் உபசேன. இருபத்தொரு வயது. அதைத் தவிர அவன் ஒன்றும் கிழிக்கவில்லை. பட்டாளம் இந்தப் பக்கம் வந்ததும் ஆற்றுக்கு அப்பால் ரப்பர் தோட்டத்தில் ஒளிந்துகொண்டான். சோறு கொண்டுபோனவன் நான்.

"நீ ஒட்டின காகிதத்தால என் பொழப்பே போச்சுடா, நாயே."

"எல்லாம் மாறும் மாமா. கொஞ்சம் பொறுங்க."

"உங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கா. நாளைக்கு அவ போனா? அவளையும் முழங்காலுக்குக் கீழதான் தூக்கணுமா?"

சோறு பிசைந்த கை நின்றது. "அம்மாவை நான் தோள்லதான் தூக்குவேன். எவன் சுட்டாலும் சரி."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. மடையன் நான்.

பட்டாளம் ஊருக்குள் வந்த காலையில் தூறல். என்னை வீட்டிலிருந்து இழுத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தினார்கள். கேப்டன் கொழும்புக்காரன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"நாங்க கூப்பிட்டா இந்த ஊர்க்காரனுங்க காட்டுக்குள்ள ஓடுவானுங்க. நீ அடி. கூட்டம்னு நெனச்சு வருவானுங்க."

லாரிக்குள் ஒருவனை உட்கார வைத்திருந்தார்கள். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. பக்கத்து ஊரிலும் அப்படி ஒருவன் வந்தான். ஊர் வரிசையில் நடக்க வேண்டும், சாக்கு யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறதோ அவன் வீடு திரும்புவதில்லை.

ஈரக் காற்றில் தவுலின் தோல் தொய்ந்திருந்தது. தட்டினேன். நனைந்த மூட்டையில் குத்தினதுபோல் ஒரு சத்தம்.

"இது என்ன, தலையணையா?" என்று கேப்டன் சிரித்தான்.

அங்கேயே விட்டிருக்கலாம். தோல் செத்துப்போச்சு ஐயா, என்று சொல்லியிருந்தால் என்னை நாலு உதை உதைத்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் எனக்கு மூளை வேலை செய்தது. கூட்டத்துக்கு அடிக்கிற அடி வேறு, சாவுக்கு அடிக்கிற அடி வேறு. கொழும்புப் பயலுக்கு இது என்ன தெரியும்? சாவு அடியை அடிப்போம். பதினொரு மாதமாக இல்லாத சத்தம். இங்கே சாவு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று ஊருக்குப் புரியும், இளசுகள் ஓடிவிடும். முக்கியமாக ஆற்றுக்கு அப்பால் கேட்க வேண்டும். உபசேன இன்னும் உள்ளே, மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

தென்னோலை கொளுத்தித் தவுலின் இரண்டு முகத்தையும் அனலில் காட்டினேன். கயிற்றை முழங்காலால் அழுத்தி ஒவ்வொரு பின்னலாக இழுத்தேன். குச்சி படுகிற பக்கம் வெடிக்க வேண்டும், கை படுகிற பக்கம் அடிவயிற்றிலிருந்து முனக வேண்டும். ஓரத்தைத் தட்டிக் கேட்டேன், மறுபடி இழுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் சாக்குக்காரனையும் மறந்துவிட்டேன். கொன்றை மரக்கட்டை, கிடாத்தோல், நெருப்பு, என் கை. எல்லாம் கூடி வந்தது.

அடித்தேன். வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை.

நரைத்த சார்ஜன்ட் ஒருவன் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு அந்த அடி தெரியும். காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் பார்வையைப் பாதைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் ஒரு நாய்கூட வரவில்லை. பாதையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வளைவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பின்னால் இன்னொன்று.

ஊரே சாவுக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு வந்தது. ஒருத்தி பாய் கொண்டு வந்தாள், ஒருவன் இளநீர்க் குலை, ஆண்கள் குழி வெட்ட மண்வெட்டி. எவ்வளவு தைரியமாக வந்தார்கள் தெரியுமா! யாரோ துணிந்து மேளம் வைத்துவிட்டார்கள், இந்தத் தடவையாவது ஒழுங்காக அனுப்புவோம் என்ற முகம்.

"யாரு தேமிஸண்ணே போனது?"

சார்ஜன்ட் என் காதருகே குனிந்தான். "எங்க ஊர்லயும் சாவு மேளம் கேட்டா எவனும் வீட்ல இருக்க மாட்டான். இதுகூடவா தெரியல பெரியவரே?"

குச்சியைத் தாழ்த்தினேன். "நிறுத்தாதே!" என்றான் கேப்டன். ஓடுங்கடா என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பயம். அடித்துக்கொண்டே இருந்தேன்.

உபசேன ஆற்றுப் பக்கமிருந்து ஓடி வந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான். எங்கே கிடைத்ததோ, ஒரு வெள்ளைச் சட்டை, பொத்தான் மாறிப் போட்டிருந்தான். சிப்பாய்களையெல்லாம் அவன் பார்க்கவே இல்லை.

"மாமா, எப்ப போனாங்க?"

சாக்கு தலையாட்டியது.

கையைப் பின்னால் கட்டும்போதும் என்னையே பார்த்துக் கேட்டான். "அம்மா இருக்காங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்காடா. காலைல கஞ்சி குடிச்சா."

அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்? அவனோடு இன்னும் நாலு பேரை லாரியில் ஏற்றினார்கள். ஒருவனும் திரும்பவில்லை.

மத்தியானம் எமலினுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவள் படுத்தபடியே சிரித்தாள்.

"இன்னிக்கு நீதானே அடிச்சே அண்ணே? எத்தனை நாளாச்சு கேட்டு! ஆத்துக்கு அந்தப் பக்கம்வரை போயிருக்கும். நம்ம பயலுக்குக் கேட்டிருக்கும்ல?"

"கேட்டுச்சு," என்றேன்.