மெத்தோதியின் லாகின்

மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, சர்வர் ஏன் இப்படித் திணறுகிறது என்று பார்க்கப் போன நெவெனாவின் கண்ணில் வேறொன்று பட்டது.

டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் நகராட்சியில் கேமராக்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் நகராட்சி அந்த மென்பொருளை வாங்கியபோது, எலக்ட்ரீஷியன்களோடு ஏணி ஏறி நூற்றுப் பன்னிரண்டு கேமராக்களின் கோணத்தையும் பார்த்துப் பார்த்துத் திருப்பி வைத்தவள். பாலத்தடியில் யாராவது இறங்கினால் மணி அடிக்க வேண்டும், பாப்லர் மரத்து நிழல் ஆடினால் அடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு திரையிலும் மவுஸால் கோடு இழுத்துப் பழக்கியவளும் அவளே. பிரவுசரைத் திறந்து லாகின் போட்டால் ஊர் முழுக்கக் கண்முன் விரியும். பச்சைக் கோட்டு, தோளில் பை, பெண் என்று கேட்டால், அப்படி நடந்து போனவர்களை எல்லாம் இரண்டு நிமிடத்தில் பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிடும். அந்தக் கட்டடத்தில் சொன்னபடி வேலை செய்கிற ஒரே பொருள் அதுதான் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

யார், எப்போது, எதைத் தேடினார்கள் என்ற பதிவைத் திறந்தாள். ஏழாம் எண் லாகினிலிருந்து பத்தொன்பது நாளில் இருநூற்றுச் சொச்சம் தேடல்கள். அத்தனையும் ஒரே பெண்ணை.

ஏழாம் எண் முன்னாள் ஷிப்ட் தலைவர் மெத்தோதியுடையது. மெத்தோதி புத்தாண்டோடு ஓய்வு பெற்று, எல்லாருக்கும் பனித்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே அந்த லாகினை மூடியிருக்க வேண்டியது நெவெனாவின் வேலை. பனித்சாவைத் தின்றாள். லாகினை மறந்தாள்.

மெத்தோதிக்கு போன் போட்டாள். அவர் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பாஸ்வேர்டை யாருக்காவது சொன்னீர்களா என்று கேட்டதும் சிரித்தார்.

"சொல்லணுமா என்ன? கீபோர்டுக்கு அடியில மஞ்சச் சீட்டுல எழுதி ஒட்டி வச்சிருந்தேன். ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும் தெரியாது. நீ கண்டா திட்டுவேல்ல."

நெவெனாவுக்குத் திட்டத் தோன்றவில்லை. பதிவை மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள். முதல் வாரம் ஊர் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். அடுத்த வாரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே மட்டும். பிறகு ஒரே தெரு. முந்தாநாள் பதினாலாம் பிளாக். நேற்று அதன் இரண்டாவது வாசல். இன்று காலையில் புதிதாக ஒரு கோடு: பச்சைக் கோட்டுப் பெண் விளையாட்டுத் திடலைத் தாண்டி அந்த வாசல் பக்கம் திரும்பினால் ஒரு கைபேசிக்குச் செய்தி போக வேண்டும். படங்களில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதிருக்கும் ஒரு சிறுமியும் நடந்தாள்.

தேடல்கள் எல்லாமே ஷிப்ட் தலைவர் அறைக் கணினியிலிருந்து போயிருந்தன. அங்கே உட்காருகிறவர் ஓக்னியான். ராணுவத்தில் இருந்தவர், ஜனவரிக் கடைசியில்தான் சேர்ந்தார். எல்லாருக்கும் காபி எடுத்து வந்து வைப்பார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வழிவிடுவார். மார்ச் முதல் தேதி, ஊர் வழக்கப்படி, நெவெனாவின் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமான கயிற்றைக் கட்டி, வருஷம் நல்லாயிருக்கட்டும் என்று சொன்னவரும் அவர்தான். அது இன்னும் கையில் இருந்தது. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து கிளம்பியிருந்தார்.

முதல் வேலையாக ஏழாம் எண் லாகினை முடக்கினாள். காலையில் புதிதாக இழுத்திருந்த எச்சரிக்கைக் கோட்டையும் அழிக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். அழித்தால் ஆதாரம் போய்விடும். செய்தி மட்டும் தன் கைபேசிக்கு வருமாறு மாற்றிவிட்டு, பதிவுகளை அச்செடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினாள்.

துறைத் தலைவர் ஸ்டாமென் தாள்களைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போலீஸ் கேட்டு ஓக்னியான் தேடியிருக்கலாம், நமக்குத் தெரியாமல் ஏதாவது விசாரணை நடக்கலாம் என்றார். விசாரணை என்றால் சொந்த லாகினில் தேடாமல் ஓய்வு பெற்றவர் பெயரில் ஏன் தேட வேண்டும் என்று அவள் கேட்டாள்.

"அது ஏன் திறந்து கிடந்துச்சுன்னு முதல்ல உன்னத்தான் கேப்பாங்க, நெவெனா. அவசரப்படாத. நாளைக்கு எழுத்துல குடு, வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டத்துல வைக்கிறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகாம இருப்பாளா, அண்ணே?"

ஸ்டாமென் தாள்களை அடுக்கி அவளிடமே திருப்பி நீட்டினார். அவள் கீழே இறங்கினாள்.

நாலரை மணிக்குப் பதினாலாம் பிளாக்குக்கு எதிரில் இருக்கும் கேமராவைத் திறந்தபோது, விளையாட்டுத் திடலின் ஓரத்தில் சாம்பல் நிற ஓப்பல் கார் ஒன்று நின்றது. தினமும் அலுவலக வாசலில் பார்க்கிற வண்டி. பின் கண்ணாடியில் ஓக்னியானின் கால்பந்து அணித் துண்டு. வண்டிக்குள் ஆள் இருந்தது.

அவசர உதவி எண் 112-ஐ அழைத்தாள். எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். அவர் யாரையாவது அடித்தாரா? இல்லை. மிரட்டினாரா? தெரியாது. அந்தப் பெண்ணின் பெயர்? தெரியாது. அதையே மூன்றாவது முறை கேட்டபோது நெவெனா கத்திவிட்டாள். ரோந்து வண்டி ஒன்றுக்குச் சொல்கிறேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, வர நேரமாகும் என்றாள் போனில் பேசியவள்.

போனை வைக்கவும் செய்தி வரவும் சரியாக இருந்தது. பச்சைக் கோட்டு திடலுக்குள் நுழைந்துவிட்டது.

சிறுமி தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டிக் குதித்து வந்தாள். தாய் பையைத் தோள் மாற்றினாள். வாசலுக்கு எண்பது அடி தூரம்கூட இருக்காது. ஓப்பலின் கதவு திறந்தது. அந்தக் கேமராவின் படம் இரண்டு நொடி தாமதமாக வரும் என்பது நெவெனாவுக்குத் தெரியும். திறப்பதாகத் தெரிகிற கதவு எப்போதோ திறந்துவிட்டது.

திடலில் ஒரு கம்பத்தில் ஒலிபெருக்கி இருந்தது. போன கோடையில் இளவட்டங்கள் ஊஞ்சலை உடைத்ததால் வைத்தது. பதிவு செய்த குரல்தான் அதில் ஒலிக்கும். நேரடியாகப் பேசும் உரிமை அவளுக்கும் ஷிப்ட் தலைவருக்கும் மட்டுமே. அதுவும் நகராட்சித் தலைவரின் உத்தரவு இருந்தால். அவள் மைக்கை அழுத்தினாள்.

"பச்சைக் கோட்டு போட்டிருக்கிறவங்க, கொஞ்சம் நில்லுங்க. நகராட்சியிலேர்ந்து பேசுறேன். வீட்டு வாசலுக்குப் போகாதீங்க. பின்னால மருந்துக்கடை இருக்கு, அதுக்குள்ள போயிடுங்க."

ஒரு நொடி. இரண்டு நொடி. திரையில் அந்தப் பெண் நின்றாள். கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். நகரவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். ஓப்பலிலிருந்து ஒரு கால் தரையில் இறங்கியது.

வண்டியில் இருப்பவர் பெயரைச் சொன்னால்தான் நம்புவாள். சொல்லி, அது தப்பாக இருந்தால், ஊரறிய ஒருவன் பெயரைக் கெடுத்ததற்கு வேலை போகும், கோர்ட்டுக்கும் நிற்க வேண்டியிருக்கும். நெவெனா மறுபடி அழுத்தினாள்.

"சாம்பல் கலர் வண்டியில ஓக்னியான் இருக்கார்."

அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாள். பை கீழே விழுந்தது, ஆரஞ்சுகள் உருண்டன. மருந்துக்கடைக் கதவு திறந்து மூடியது. உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.

ஓக்னியான் திடலின் நடுவில் நின்று நேராகக் கேமராவைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்தார். நெவெனாவின் போன் அடித்தது.

"குரல் தெரியாம போயிடுமா?" என்றார், அமைதியாக. "மைக்க வை, நெவெனா. அது என் குடும்பம். என் பொண்ணப் பாக்கணும், அவ்வளவுதான்."

"பாக்கிறதுக்கு மெத்தோதி லாகின் எதுக்கு?"

"மூடாம விட்டது நீ. மாட்டினா நீயும்தான் மாட்டுவ. யோசிச்சுக்கோ."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். பேச்சை விடக் கூடாது.

"யோசிக்கிறேன். நீங்களே சொல்லுங்க, நான் என்ன எழுதிக் குடுக்கணும்?"

அவர் சொன்னார். சர்வர் கோளாறு என்று எழுது என்றார். அவள் மறுபடி கேட்டாள், புரியவில்லை என்றாள், தேதி கேட்டாள். அவர் கோபப்பட்டார், இறங்கி வந்தார், பிறகு இருந்தாற்போல் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்போது அவர் சொன்ன சில வார்த்தைகளை நெவெனா அதற்குப் பிறகு யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. ஒன்பது நிமிடம். இடையில் இரண்டு முறை மருந்துக்கடைப் பக்கம் திரும்பினார். இரண்டு முறையும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினாள். கடைசியில் திரையின் ஓரத்தில் நீல விளக்கு சுழன்றது. அவள் போனை வைத்துவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண் பில்யானா. போன இலையுதிர் காலத்தில் வேறொரு ஊரிலிருந்து குழந்தையோடு தப்பி வந்தவள். அவளை நெருங்கக் கூடாது என்று ஓக்னியானுக்கு கோர்ட் உத்தரவு இருந்தது. அவள் இந்தப் பக்கம் வந்திருக்கிறாள் என்று யார் மூலமோ கேள்விப்பட்டுத்தான் அவர் இந்த வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். வண்டியின் பின் இருக்கையில் கயிறும் ஒட்டு நாடாவும் இருந்ததாகப் போலீஸ் எழுதியது. அவரை உள்ளே வைத்தார்கள். வழக்கு நடக்கிறது.

நெவெனா வாக்குமூலத்தில் முதல் வரியாகத் தன் தப்பைத்தான் எழுதினாள். லாகினை மூடாததற்கும், உத்தரவில்லாமல் ஒலிபெருக்கியில் பேசியதற்கும் சேர்த்து நகராட்சி அவளுக்கு எழுத்துமூலக் கண்டனம் கொடுத்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்த ஸ்டாமெனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து பில்யானா அலுவலகத்துக்கு வந்தாள். நன்றி சொல்ல வரவில்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"என் படத்தையெல்லாம் அழிச்சிடுங்க."

வழக்கு முடியும்வரை அழிக்க முடியாது, அதுதான் சாட்சி என்று நெவெனா சொன்னாள். பில்யானா சுவரில் இருந்த திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மூணு ஊரு மாறி வந்தேன். முடிய வெட்டினேன், போன மாத்தினேன். கோட்ட மட்டும் மாத்தல. இதையெல்லாம் செஞ்சு வச்சது நீங்கதானா?"

"ஆமா. நான்தான்."

நெவெனா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். பில்யானா கையைக் காட்டித் தடுத்தாள். அது வேண்டாம் என்பது போலவும் இருந்தது, போதும் என்பது போலவும் இருந்தது. வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"குழந்தை கேக்குது, கம்பத்துல இருந்த அக்கா யாருன்னு. என்ன சொல்றதுன்னு தெரியல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஏப்ரலில் அவர்கள் ஊரைவிட்டுப் போனதாக மருந்துக்கடைக்காரர் சொன்னார். எந்தப் பேருந்தில், எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. நெவெனா நினைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம். அன்று மதியம் அவள் எல்லா லாகின்களையும் வரிசையாக எடுத்து, ஆள் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று ஒவ்வொரு அறைக்கும் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இருபத்து மூன்றில் நான்கை மூடினாள்.