ஒன்று புள்ளி இரண்டு எட்டுக்கு மேல் இல்லை

"பயாஸ் பாஸ்வேர்டச் சொல்லுங்க சேட்டா," என்றாள் வீரலட்சுமி.

கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்த அன்றே முதலாளி முத்துவேல் சொல்லியிருந்தார்: கஸ்டமர் முன்னால் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே. இப்போது கஸ்டமர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஷபானா, மட்டாஞ்சேரியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டர், பக்க மூடி கழற்றப்பட்டு மேசைமேல் கிடந்தது.

"எதுக்கு மோளே?" முத்துவேல் சிரித்தார். சிரிப்பு ஷபானாவுக்கு, முறைப்பு இவளுக்கு.

"பயாஸ் செட்டிங்குக்குள்ள போய், ப்ராசஸருக்கு நீங்க வச்சிருக்கிற வோல்ட்டேஜக் குறைக்கணும்."

"குறைச்சா அணையாம நிக்குமா?" ஷபானா இடையில் வந்தாள். "மாப்பிள்ளையோட மாமா பிரியாணி திங்கிற இடம் வந்தா தானா அணைஞ்சு போவுது. வீடியோவ முழுசாக்கி எடுக்க எத்தன தடவ ரெண்டர் போட்டாலும் அங்கதான். நாளைக்கு வீடியோ கொடுக்கணும். ப்ராசஸர் போயிடுச்சுன்னா நான் என்ன செய்வேன் வீரா? என் வளையல வித்து வாங்கின பெட்டி இது."

கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ப்ராசஸரை ஓட்டி விற்பதுதான் கடையின் பெருமை. வேகம் கூடினால் வோல்ட்டேஜும் கொஞ்சம் கூட வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் இருவருக்கும் ஓயாத சண்டை. முத்துவேல் கம்ப்யூட்டருக்கு வருமுன் ஸ்டெபிலைசர் விற்றவர். கரண்ட் இறங்கி ஃபிரிட்ஜ் மோட்டார் எரிந்த வீடுகளையே பார்த்துப் பழகியவர். குறைந்த வோல்ட்டேஜ்தான் எமன், கூடக் கொடுத்தால் காவல் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. அதனால் எந்தப் பெட்டியானாலும் ஒன்று புள்ளி நான்கு ஐந்து வோல்ட். ஏசியில் வைத்து ஒரு சாயா குடிக்கிற நேரம் ஓட்டிப் பார்ப்பார். அணையாமல் ஓடினால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடுவார். பெட்டிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு அழியும்தான். ஆனால் அதன்மேல் அவர் ஒட்டிய சீல் கிழிந்தால் வாரண்டி கிடையாது.

"லோ வோல்ட்டேஜ்லதான் சாமான் சாவும். கூடுதலாவே கெடக்கட்டும்," என்றார் முத்துவேல்.

"அது ஃபிரிட்ஜ் சேட்டா. மோட்டாருக்குக் குறைஞ்சா ஆபத்து, இதுக்குக் கூடுனா ஆபத்து. உள்ள இருக்கிற கம்பி முடியவிட மெல்லிசு. சூட்டுல அரிச்சுக்கிட்டே வரும். ஷபானா இத்தா ரூம் சுக்கு மூட்ட அடுக்குற கிட்டங்கிக்கு மேல, தகரக் கூரைக்கு அடியில. நம்ம ஏசியா அங்க இருக்கு?"

"வீட்டுல மொத டிகிரி. அதான் இந்த நெகளிப்பு, தலைக்கனம்," என்றார் முத்துவேல்.

"எங்கம்மா கார்ப்பரேஷன் குப்ப வண்டி தள்ளித்தான் அந்த டிகிரி வந்துச்சு. பார்த்ததப் பார்க்கலன்னு சொல்றதுக்கு இல்ல."

முத்துவேல் வாய் திறக்குமுன் ஷபானா கேட்டாள். "சேட்டா, பெட்டி என்னோடதுதானே? பூட்டு மட்டும் எப்படி உங்களோடது ஆச்சு?"

முத்துவேல், தான் முதலில் விற்ற ஸ்டெபிலைசரின் பெயரை முணுமுணுத்தார். அதுதான் பாஸ்வேர்டு.

வீரா முதலில் எல்லாவற்றையும் கம்பெனி வைத்த நிலைக்கே இறக்கினாள். ஏசியை அணைத்தாள், ஷட்டரைப் பாதி இறக்கினாள். கடை வெந்தது. பிறகு சோதனையை ஓடவிட்டாள்.

"இதுல அணையாம நின்னா ப்ராசஸர் நல்லா இருக்கு. இதுலயே விழுந்தா அரிச்சுப்போச்சுன்னு அர்த்தம். பொய் சொல்ல மாட்டேன் இத்தா."

ஷபானா துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். முத்துவேல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். வீரா ஏறும் சூட்டை ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பெட்டியைக் கோத்தது அவள் கைதான்.

சோதனை முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை.

"உசுரோட இருக்கு," என்றாள் வீரா. ஷபானா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இனிமே வேகத்துக்காக வோல்ட்டேஜ ஏத்தக்கூடாது. மொதல்ல எல்லை. ஒன்னு புள்ளி ரெண்டு எட்டு. அதுக்குள்ள எவ்வளவு ஓடுதோ, அதுதான் இதோட வேகம்."

பழைய வேகத்தில் பிழை வந்தது. ஒரு படி இறக்கினாள், அப்போதும் வந்தது. இன்னொரு படி இறக்கியதும் பிழை நின்றது. சூடு எண்பதைத் தொடவில்லை. பிறகு கல்யாண வீடியோவையே ரெண்டரில் போட்டாள்.

மணமேடை போனது, மாலை போனது. மாமா இலையின் முன் வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் எலும்பை உறிஞ்சினார், கையை நக்கினார், எழுந்து போனார்.

"தின்னு முடிச்சுட்டாரு," என்றாள் ஷபானா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முத்துவேலே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, இது இதோட தீரட்டும். பாஸ்வேர்ட மறந்துரு. மத்த பெட்டியெல்லாம் பழையபடிதான். ஸ்பீட் குறைஞ்சா நம்ம கடை போர்டப் பார்த்து எவன் வருவான்?"

"எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதானே சேட்டா?"

அவர் பக்க மூடியை எடுத்து மாட்டத் தொடங்கினார்.

"கலூர்ல நம்மகிட்ட வாங்கின அம்பிளி சேச்சி வீட்டுலயும் நான் கோத்த பெட்டிதான். இன்னைக்கு வந்து சரி பண்ணித் தர்றேன்னு காலையிலயே சொல்லிட்டேன். நாளைக்குக் கடையத் திறக்க வேற ஆளப் பாருங்க."

கடைச் சாவியை மேசையில் வைத்தாள். அது தன் பையில் இத்தனை கனமாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது. சோதனை வைத்திருந்த பென் டிரைவையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு, பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து தெருக்காற்றுக்கு வந்தாள்.